முன் சீட்டுல உக்காந்தா நீதான் கண்டக்டர்

எங்க வீட்டுல ரெண்டு பேரு டிக்கெட்டை வெச்சுச் சோறு சாப்பிட்டவங்க. ஒண்ணு அப்பா, திருநெல்வேலிப் பக்கம் அரசு பஸ்ல முப்பத்தோரு வருஷம் கண்டக்டரா இருந்தாரு. இன்னொண்ணு நான், தென்னாப்பிரிக்காவுல, ஜோகன்னஸ்பர்க்ல, பஸ், ரயில் டிக்கெட்டுக்குப் பதிலா கார்டு தட்டுற மெஷின டெஸ்ட் பண்ற வேலை. 2012ல இங்க வந்தேன், ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்னு சொல்லி வந்தது, இன்னும் இங்கதான் இருக்கேன், பையன் இப்போ இங்கிலீஷ்லயே கனவு காண்றான், அது வேற கதை.

மொதல்ல அப்பா டிக்கெட் பத்திச் சொல்லிடறேன். மெஷின் வர்றதுக்கு முன்னாடி டிக்கெட்டுங்கிறது கட்டுக் கட்டா இருக்கும், ஒவ்வொரு விலைக்கு ஒரு கலர், ஒவ்வொரு டிக்கெட்லயும் வரிசையா நம்பர். எச்சி தொட்டுக் கிழிச்சுக் குடுப்பாரு. ஒவ்வொரு ஸ்டேஜ் வந்ததும் பஸ்ஸே குலுங்கினாலும் கம்பில முதுகைச் சாய்ச்சுக்கிட்டு இன்வாய்ஸ்ல, அதான் கணக்குத் தாள்ல, எழுதணும், இந்தக் கட்டுல இப்போ மேல நிக்குற நம்பர் என்ன, அந்தக் கட்டுல என்னன்னு. அதுக்குப் பேருதான் ஸ்டேஜ் க்ளோஸ். 4521ல ஆரம்பிச்சு இப்போ 4538 மேல நிக்குதுன்னா பதினேழு டிக்கெட் போயிருக்கு, பதினேழுக்கு உண்டான காசு பையில இருக்கணும். செக்கிங் ஏறினா மொத வேலை பையைக் கொட்டி எண்றதுதான்.

இதுல ஒரு விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியாது. டூட்டிக்கு ஏறும்போது சொந்தக் காசு எவ்வளவு வெச்சிருக்கோம்னு கண்டக்டர் முன்கூட்டியே எழுதி வெக்கணும். டீ குடிக்க இருபது ரூபா வெச்சிருந்தா இருபது ரூபான்னு எழுதணும். ஏன்னா செக்கிங்ல காசு குறைஞ்சா மட்டும் தப்பு இல்ல, கூட இருந்தாலும் தப்பு. குறைஞ்சா கண்டக்டர் கைய விட்டுப் போடணும், கூட இருந்தா யாருக்கோ டிக்கெட் குடுக்காம காசை வாங்கிருக்கான்னு அர்த்தம். அப்பா ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டும்போது பாக்கெட்ல இருந்து ஒரு எட்டணா விழுந்துச்சுன்னா அன்னைக்குத் தூக்கம் போச்சு. "இது எங்கேருந்துல வந்துச்சு?"ன்னு என்கிட்டயே கேப்பாரு, எனக்கு அப்போ ஏழு வயசு.

அதனால சின்ன வயசுலயே எனக்கு ஒண்ணு புரிஞ்சு போச்சு. டிக்கெட்டு பயணிக்காக அச்சடிச்சது இல்ல. பயணி அதை இறங்கினதும் காத்துல விட்டுட்டுப் போறான். அது நடுவுல பை மாட்டிக்கிட்டு நிக்குற ஆளை எண்றதுக்காக அச்சடிச்சது.

இதை நான் இங்க ஆபீஸ்ல ஒரு மீட்டிங்ல சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா எலக்ட்ரானிக் டிக்கெட் விக்கிறவன் போடுற படத்த எல்லாம் பாருங்க, கார்டு தட்டுற அம்மா சிரிச்ச முகமா இருப்பாங்க, "பயணிக்கு வசதி"ன்னு இருக்கும். நாலாவது பக்கத்துல சின்ன எழுத்துல "வருமானக் கசிவைத் தடுக்கும்"னு இருக்கும். வாங்குறவன் படிக்கிறது அந்த நாலாவது பக்கத்த மட்டும்தான்.

சரி, என் வேலை என்னன்னு சொல்றேன், ஊர்ல கேட்டா யாருக்கும் புரியறதில்ல. ரயில் ஸ்டேஷன்ல உள்ள விடுற கேட்டுல நீங்க கார்டைத் தட்டுறீங்க, பச்சை விளக்கு எரியுது, கதவு திறக்குது. அதுக்கு மொத்தமே அரை செகண்ட்தான் டைம், 500 மில்லி செகண்ட். பேங்க் கார்டு வெச்சுத் தட்டுற சிஸ்டத்துக்கு இந்தத் துறையில எல்லாரும் வெச்சுக்கிற அளவு அதுதான். அதுக்கு மேல போனா காலைல ஏழரை மணிக்குப் பின்னாடி கியூ படிக்கட்டு வரைக்கும் போயிடும். சூப்பர் மார்க்கெட்ல கார்டைத் தட்டினா மெஷின் பேங்குக்குக் கேட்டு, பேங்க் யோசிச்சு, பதில் வர்றதுக்கு ரெண்டு மூணு செகண்ட் ஆகும், அங்க பரவால்ல. ஸ்டேஷன் கேட்டுல அப்படி முடியாது. அதனால கேட்டு பேங்க்கைக் கேக்கிறதே இல்ல! கார்டுல இருக்குற சிப்பு உண்மையானதான்னு ஒரு கணக்குப் போட்டுப் பாக்குது, இந்த நம்பர் திருட்டு லிஸ்ட்ல இருக்கான்னு தன்கிட்ட இருக்குற லிஸ்ட்ல தேடுது, இல்லன்னா கதவைத் திறந்துடுது. காசு இருக்கா இல்லையான்னு அப்புறம்தான் பேங்கைக் கேக்குறாங்க. இல்லன்னு வந்தா அந்த நம்பரை லிஸ்ட்ல போட்டுடுவாங்க, அடுத்த தடவை கேட்டு திறக்காது. மொதல் தடவை போனது போனதுதான், அந்த நஷ்டம் யார் தலைல விழணும்னு பேங்க்காரனும் ரயில்காரனும் உக்காந்து கான்ட்ராக்ட்ல எழுதிக்கிறாங்க. அதாவது வித்அவுட்டுக்கு மெஷின்லயும் இடம் இருக்கு, ஒரே ஒரு தடவை.

பழைய மாதிரிக் கார்டு வேற ரகம், ஹாங்காங்ல 1997ல வந்த ஆக்டோபஸ், லண்டன்ல 2003ல வந்த ஆய்ஸ்டர் மாதிரி. இதுல காசு கார்டுக்குள்ளயே இருக்கும், மெஷின் அதைக் குறைச்சு எழுதும். வேகம் ஜாஸ்தி. ஆனா ஜனங்க கைக்குப் பொறுமை கிடையாது, எழுதி முடிக்கிறதுக்குள்ள கார்டை வெடுக்குனு எடுத்துடுவாங்க. பாதி எழுதின நிலைல கார்டு போயிடுச்சுன்னா? இதுக்கு எங்க தொழில்ல டேர்னு பேரு, கிழியறதுன்னு அர்த்தம், அப்பா கிழிச்ச டிக்கெட் மாதிரி இல்ல இது. நல்ல கார்டுல புதுத் தொகை முழுசா எழுதி முடியற வரைக்கும் பழைய தொகை பத்திரமா இருக்கும். மட்டமான சாஃப்ட்வேர்ல காசும் போயிடும், கேட்டும் திறக்காது, பின்னாடி நிக்குறவன் உச்சுக் கொட்டுவான். எங்க லேப்ல நான் ஒரு நாளைக்கு முன்னூறு தடவை கார்டை இப்படி வெடுக்குனு எடுத்திருக்கேன். பர்ஸுக்குள்ள வெச்சு, வளையல் போட்ட கையோட, ஈரக் கையோட, பக்கத்துல இன்னொரு கார்டு வெச்சு... என் பொண்டாட்டியோட ரெண்டு கண்ணாடி வளையலும் இந்த நாட்டுப் போக்குவரத்துக்குச் சேவை செஞ்சிருக்கு.

இவ்வளவு தெரிஞ்ச நானே ஒரு தடவை மாட்டினேன். எந்த ஊர், எந்த ரயில்னு சொல்லப் போறதில்ல. உள்ள போகும்போது ஃபோனைத் தட்டினேன், வெளிய வரும்போது ஃபோன்ல சார்ஜ் இல்ல, அதே பேங்க் கார்டோட பிளாஸ்டிக்கை எடுத்துத் தட்டினேன். அதே அக்கவுண்ட்தானே? அதே அக்கவுண்ட்தான், ஆனா ஃபோனுக்குள்ள இருக்குற கார்டு நம்பர் வேற, பிளாஸ்டிக்ல இருக்குற நம்பர் வேற. பாதுகாப்புக்காக அப்படி ஒரு மாத்து நம்பர் குடுத்து வெச்சிருக்காங்க. சிஸ்டம் கண்ணுக்கு ரெண்டு பேரு, ஒருத்தன் உள்ள போனான் வெளியவே வரல, இன்னொருத்தன் உள்ளயே போகாம வெளிய வந்துட்டான். ரெண்டு பேருக்கும் முழுக் கட்டணம். நான் ஒருத்தன்தான்னு சொல்றதுக்கு அங்க ஆளே இல்ல, ஒரு நம்பர் ஒட்டி வெச்சிருந்தாங்க, அதுல பாட்டு ஓடிச்சு. கண்டக்டர் இருந்திருந்தா மூஞ்சியப் பாத்தே போன்னு விட்டிருப்பாரு. தப்பு என்னுதுதான், இருந்தாலும் எரிச்சல் எரிச்சல்தானே.

இந்த ஊர் நிலவரத்துக்கு வர்றேன். ஜோகன்னஸ்பர்க்ல கவ்ட்ரெய்ன்னு ஒரு ரயில் இருக்கு, 2010 ஜூன் 8ம் தேதி, உலகக் கோப்பை ஆரம்பிக்கிறதுக்கு மூணு நாள் முன்னாடி ஏர்போர்ட் லைன் ஓட ஆரம்பிச்சது, 160 கிலோமீட்டர் வேகம், ஸ்டேஷன்ல சூயிங்கம் மெல்லக் கூடாது, உள்ள போகத் தட்டணும் வெளிய வரத் தட்டணும், கார் பார்க்கிங்கும் அதே கார்டு. ரேயா வாயான்னு பஸ் இருக்கு, அதுக்குத் தனிக் கார்டு வெச்சிருந்தாங்க. கேப் டவுன்ல மைசிட்டி பஸ், அதுக்கு இன்னொண்ணு. அரசாங்கம் 2011லயே சட்டம் போட்டுச்சு, இனிமே பொதுப் போக்குவரத்துக் கார்டெல்லாம் பேங்க் கார்டு தரத்துல, அதான் ஈஎம்வி, இருக்கணும், ஒரு கார்டு எல்லா ஊருக்கும் ஓடணும்னு. யோசனை என்னவோ அருமை. நம்ம ஊர்ல 2019ல தேசிய பொதுப் பயண அட்டைன்னு ரூபே கார்டுல கொண்டு வந்தாங்களே அதே எண்ணம்தான், இவங்க எட்டு வருஷம் முன்னாடியே எழுதி வெச்சுட்டாங்க. ஆனாலும் என் பர்ஸ்ல ரொம்ப நாளைக்கு ரெண்டு கார்டு கிடந்துச்சு, மூணாவது டர்பன் ஊர் பஸ்ஸோட முவோ கார்டு, ஒரே ஒரு தடவை தட்டினது.

ஆனா இதெல்லாம் ஊரோட ஓரம்தான். ஊரு போறது டாக்ஸில. நம்ம ஊர் டாக்ஸின்னு நினைக்காதீங்க, வெள்ளை டொயோட்டா குவாண்டம், டிரைவரைச் சேக்காம 15 பேரு. ஸ்டாப் போர்டு கிடையாது, ரோட்டோரம் நின்னு விரல் காட்டணும். ஆள்காட்டி விரலை மேல தூக்கினா டவுன், கீழ காட்டினா இந்த ஏரியாக்குள்ளயே. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கைச் சைகை, 2010ல தபால் துறை இதுக்கு ஸ்டாம்பே வெளியிட்டாங்க. டிக்கெட் கிடையாது. கண்டக்டரும் கிடையாது. காசு பின்னாடி சீட்டுல இருந்து தோளைத் தட்டித் தட்டி முன்னாடி வரும், ஒவ்வொரு வரிசையும் தங்களுக்குள்ளயே சில்லறைய சரி பண்ணிக்கிட்டு அனுப்புவாங்க. டிரைவர் பக்கத்துல முன் சீட்டுல யாரு உக்காந்திருக்காங்களோ அவங்க எண்ணி, மிச்சம் குடுத்து, மொத்தத்தையும் டிரைவர்கிட்ட குடுக்கணும். விவரம் தெரிஞ்சவன் முன் சீட்டுல உக்கார மாட்டான். நான் வந்த புதுசுல, பெரிய மனுஷன் மாதிரி, காத்து வரும்னு முன் சீட்டுல போய் உக்காந்தேன். கணக்குப் பாடத்துல தொண்ணூத்தாறு வாங்கினவன், பத்து ரேண்ட் (இந்த ஊர்ப் பணம்) குறையுதுன்னு வந்து நின்னப்போ பின்னாடி இருந்த ஒரு அம்மா என் மடில இருந்து காசை மொத்தமா வாங்கி ரெண்டு நிமிஷத்துல தீத்து வெச்சாங்க.

இதுக்குள்ள மெஷினைக் கொண்டு வரணும்னு ஆசைப்படாதவங்க இல்ல. 90கள் கடைசில பழைய டாக்ஸிகளை மாத்துற திட்டம் போட்டப்பவே புது வண்டில எலக்ட்ரானிக் கட்டண மெஷின் இருக்கணும்னு சேத்திருந்தாங்க, வண்டி வந்துச்சு, மெஷின் வரல. அதுக்கப்புறமும் கார்டு, மொபைல் ஆப்னு எத்தனையோ பேரு வந்து பாத்துட்டாங்க. டாக்ஸிக்காரங்க படிக்காதவங்க, மாற மாட்டேங்கிறாங்கன்னு ஆபீஸ்ல பேசிக்குவாங்க. எனக்கு அப்படித் தோணல. பெரும்பாலான வண்டில டிரைவர் ஓனருக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை கட்டணும், அதுக்கு மேல வர்றதுதான் அவன் வீட்டுக்கு. நம்ம ஊர் ஷேர் ஆட்டோ வாடகை மாதிரின்னு வெச்சுக்கோங்க. அன்னைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும், அந்தத் தெரியாமைதான் அவனுக்குக் கெடைக்கிற போனஸ். மெஷின் வந்தா ஓனர் பெட்ல படுத்துக்கிட்டே ஃபோன்ல பாப்பான், இன்னைக்கு 140 பேரு ஏறினாங்கன்னு. அடுத்த வாரம் கட்ட வேண்டிய தொகைய ஏத்துவான். டிரைவருக்குப் பெட்ரோல் போடவோ, சாயங்காலம் பிள்ளைக்கு ரொட்டி வாங்கவோ காசு கைல இருக்காது, பேங்க்ல விழ ரெண்டு நாளாகும். நானா இருந்தாலும் அந்த மெஷினை மொத வாரமே தண்ணி ஊத்தி ரிப்பேர் பண்ணிருப்பேன்!

மெஷின் நல்லா வேலை செஞ்சா போதும் ஜனங்க வந்துடுவாங்கன்னு நினைக்கிறவங்களுக்கு இந்த மாகாணத்துலயே இன்னொரு உதாரணம் இருக்கு, டாக்ஸி இல்ல, ரோடு. ஹைவேல மேல வளைவு கட்டி, கேமரா வெச்சு, வண்டி நிக்காமயே டோல் எடுக்குற சிஸ்டம் 2013 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க. மெஷின் ஒழுங்கா ஒவ்வொரு வண்டியையும் எண்ணிச்சு, பில்லும் போட்டுச்சு. ஜனங்க கட்டல. அவ்வளவுதான், பெரும்பாலானவங்க கட்டவே இல்ல, பத்து வருஷத்துக்கு மேல இழுத்து 2024 ஏப்ரல்ல நிறுத்திட்டாங்க. அந்த வளைவெல்லாம் இன்னும் ரோட்டுக்கு மேல நிக்குது. நான் மட்டும் ஒழுங்கா டேக் வாங்கிக் கட்டினேன், விசா புதுப்பிக்கிற பயம்.

டர்பன்ல ஒரு தாத்தாவைப் பாத்தேன், சாட்ஸ்வொர்த்ல, காவடி அன்னைக்குக் கோயில் பந்தல்ல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாரு. 1860ல இருந்து வந்த கரும்புத் தோட்டக் குடும்பம், தமிழ்ல பத்து இருவது வார்த்தைதான் வரும், மிச்சம் இங்கிலீஷ். டர்பன்ல இந்தியக் குடும்பங்கள் சொந்தமா பஸ் ஓட்டின காலம் ஒண்ணு இருந்துச்சு, அவங்க அப்பாகிட்டயும் ஒரு பஸ் இருந்துச்சாம். கண்டக்டர் யாருன்னு கேட்டேன். "மச்சான்"னாரு. அது தமிழ்லயே வந்துச்சு. வேற ஆளை வெச்சா காசு போயிடும், மச்சானை வெச்சா காசு குடும்பத்துக்குள்ளயேதானே போகும்னு சிரிச்சாரு. நான் எங்க கம்பெனி சிஸ்டத்தைப் பத்திச் சொன்னேன், பொறுமையாக் கேட்டுட்டு, அதுவும் ஒரு மச்சான்தான்னு தலையாட்டிட்டு ரசத்துக்குக் கை நீட்டினாரு.

அப்பா விஷயத்துக்கு வர்றேன், இதை எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

2015ல அப்பாவும் அம்மாவும் இங்க வந்தாங்க. அப்பா ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம். கடைசி சில வருஷம் அவரும் கையில பிடிக்கிற டிக்கெட் மெஷின் வெச்சிருந்தவருதான், அதை அவருக்குப் பிடிக்கவே இல்ல. பேப்பர் சுருள் தீந்துடும், பேட்டரி மதியத்துக்கு மேல மொனகும், எல்லாத்துக்கும் மேல "மனசுக்கு வேலையே இல்லல"ன்னு சொல்லுவாரு. கவ்ட்ரெய்ன்ல கூட்டிட்டுப் போனேன். கேட்டைத் தட்டித் திறந்து காட்டினேன், இதான்ப்பா நான் செய்ற மாதிரியான வேலைன்னு. ரெண்டு பக்கமும் பாத்துட்டு, "செக்கிங் யாருல?"ன்னு கேட்டாரு. மெஷின்தாம்ப்பான்னேன். "அது யாரைச் செக் பண்ணுது?"ன்னாரு. பதில் சொல்றதுக்குள்ள ரயில் வந்துடுச்சு.

ஒரு சனிக்கிழமை கார் ஒர்க்‌ஷாப்ல கிடந்துச்சு. ஃபோர்ட்ஸ்பர்க் போய்ப் பருப்பு, புளி, கறிவேப்பிலை வாங்கணும். ரேண்ட்பர்க்ல இருந்து டவுனுக்கு டாக்ஸி ஏறினோம். நான் அம்மாவை உள்ள ஏத்திட்டுத் திரும்பிப் பாக்குறேன், அப்பா டிரைவர் பக்கத்துல முன் சீட்டுல உக்காந்து கதவையும் சாத்திட்டாரு. அப்பா பின்னாடி வாங்கன்னு கூப்பிட்டேன். ஜன்னலோரம் இருக்கட்டும்ல, ஊரைப் பாக்கணும்னாரு. வண்டி கெளம்பிடுச்சு.

வண்டி ரெண்டாவது ரோபோ தாண்டினதும் (இங்க சிக்னலுக்குப் பேரு ரோபோ) பின்னாடி இருந்து காசு வர ஆரம்பிச்சுது. ஒருத்தர் அப்பா தோளைத் தட்டினாரு, அப்பா திரும்பினாரு, கையில காசை வெச்சு "பபிலி"ன்னாரு, ரெண்டு பேருக்குன்னு அர்த்தம். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, எட்டிப் பாத்துத் தமிழ்ல கத்துறேன், ஆளுக்குப் பன்னெண்டுப்பா, பதினஞ்சு பேரு, எண்ணி டிரைவர்கிட்ட குடுக்கணும், முடியலன்னா என்கிட்ட பாஸ் பண்ணுங்கன்னு. அப்பா என்னைத் திரும்பிக் கூடப் பாக்கல. மடில துண்டை விரிச்சாரு. நோட்டை நீளவாக்குல ரெண்டா மடிச்சு இடது கை விரல் இடுக்குல சொருகினாரு, பத்து ஒரு இடுக்கு, இருபது ஒரு இடுக்கு, அம்பது ஒரு இடுக்கு. நாணயத்தைப் பெருவிரலால தள்ளித் தள்ளி அடுக்குறாரு. அந்த ஊர்க் காசை அவரு கையில வாங்கி மொத்தம் பத்து நாள்தான் இருக்கும். ஒரு பொண்ணு அம்பது குடுத்து "மூணியே"ன்னுச்சு. அப்பா விரலால ஒண்ணுன்னு காட்டினாரு, அது தலையாட்டிச்சு, முப்பத்தெட்டு திரும்பிப் போச்சு. பின் வரிசைல நாலு பேருக்குச் சேத்து நூறு வந்துச்சு, அம்பத்திரண்டு போச்சு. வாயில எதையோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தாரு. எங்க மூணு பேரு காசுக்கு நான் நாப்பது குடுத்தேன், நாலு ரேண்டை எண்ணி என் கையில வெச்சாரு, எனக்கும் சலுகை கிடையாது.

டிரைவர்கிட்ட மொத்தமாக் குடுத்தப்போ அவன் எண்ணிப் பாத்துட்டு ஒரு தடவை அப்பாவைப் பாத்தான், "ஷார்ப், பாபா"ன்னான். பாபான்னா ஜூலுல அப்பா. பின்னாடி ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க, அந்த அம்பது ரேண்ட் பொண்ணு கை தட்டிச்சு. அம்மா என் காதுல, "இந்த மனுசன் மூஞ்சிய இப்படிப் பாத்து அஞ்சு வருசமாச்சு"ன்னாங்க.

ப்ரீ ஸ்டிரீட் ஸ்டாண்டுல இறங்கி நியூடவுன் வழியா நடந்தே ஃபோர்ட்ஸ்பர்க் போனோம், வாங்க வேண்டியதை வாங்கினோம், திரும்பி வரும்போது வேற டாக்ஸி, அதுல நான் அப்பாவைப் பின்னாடி உக்கார வெச்சுட்டேன். வீட்டுக்கு வந்து அப்பா சட்டையைக் கழட்டிக் கொடில போட்டாரு. அந்தத் துண்டை உதறினாரு. டங்குன்னு ஒரு சத்தம்.

ரெண்டு ரேண்ட்.

குனிஞ்சு எடுத்து உள்ளங்கைல வெச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. சொந்தக் காசுன்னு ஒண்ணும் அவரு கொண்டு போகல, பர்ஸே வீட்டுலதான் இருந்துச்சு. டிரைவர் கணக்கு 180, அது சரியாத்தான் இருந்துச்சு, அவன் எண்ணினான்ல. அப்போ யாரோ ஒரு பயணிக்குச் சில்லறை குறைச்சுக் குடுத்திருக்கேன்னாரு. ரெண்டு ரேண்டுதானேப்பா விடுங்கன்னேன். அப்பா சேர்ல உக்காந்து ஆரம்பத்துல இருந்து சொல்ல ஆரம்பிச்சாரு, மொதல்ல ரெண்டு பேருக்கு இருபத்தஞ்சு, ஒண்ணு குடுத்தேன், அப்புறம் அந்தப் பொண்ணு அம்பது, முப்பத்தெட்டு குடுத்தேன், அப்புறம் அந்தத் தொப்பிக்காரரு... தொப்பிக்காரர்கிட்ட வந்து நின்னுட்டாரு. தொப்பிக்காரர் இருபது குடுத்தாரா, இருபத்திரண்டு குடுத்தாரா?

ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்து வந்தேன். ஹால்ல லைட்டு எரிஞ்சுது. அப்பா மேசைல அந்த ரெண்டு ரேண்டை வெச்சுட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. "ஏல, நாளைக்கு அந்த வண்டி அதே எடத்துல நிக்குமா?"ன்னாரு. அப்பா, எல்லாமே வெள்ளை வண்டிதாம்ப்பான்னேன்.

"தொப்பிக்காரரைப் பாத்தா எனக்குத் தெரியும்ல"ன்னாரு.